மில் வேலி அகன்ற ஊர்

வடகலிபோர்னியாவின் மெண்டசினோ கரையில் இருக்கும் சின்ன ஊரான ஃபோர்ட் பிராக்கில் நூறு வருடத்துக்கும் மேலாக ஊர்க்காரர்கள் சொந்த ஊர்க் கடலுக்கு நேரே நடந்துபோக வழி இருக்கவில்லை. மெயின் ரோட்டைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் பசிபிக் பெருங்கடல். ஆனால் இடையில் மர மில்லின் வேலி. நானூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்த அந்த மில்தான் ஊருக்குச் சோறு போட்டது. 2002-ல் மில் மூடியது. 2015-ல் கரையோர நடைபாதையின் முதல் பகுதிகள் திறந்தன. 2018-ல் நடுவில் விட்டுப்போயிருந்த துண்டும் சேர்ந்தது. இப்போது ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை பாறை விளிம்பையொட்டியே நடக்கலாம். கலிபோர்னியாவில் நான் நடந்த பாதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த மில்லில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளால் இன்றைக்கு அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முடிகிறதா? மெண்டசினோ கரைக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைத்தான் எழுதிப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெண்டசினோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிறது, அதன் கடற்கரைக்குக் காரில் மூன்றரை மணி நேரம். சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில், 2020 கணக்கெடுப்பின்படி 91,601 பேர். நகராட்சி உள்ளவை நாலே ஊர்கள்: மலைக்கு உட்புறம் யுகையாவும் வில்லிட்ஸும், கடலோரம் ஃபோர்ட் பிராக்கும் பாயிண்ட் அரீனாவும். கவுண்டித் தலைநகரான யுகையாவில் பதினாறாயிரம் சொச்சம் பேர் இருக்கிறார்கள். ஃபோர்ட் பிராக்கில் ஏழாயிரம். பாயிண்ட் அரீனாவில் ஐந்நூறுகூடத் தேறாது. சுற்றுலா வருபவர்கள் முதலில் தேடும் மெண்டசினோ கிராமத்துக்கு நகராட்சியே கிடையாது, ஆள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் லாங் வீக்கெண்ட் வந்தால் கிளம்பும் இடங்களில் இதுவும் ஒன்று. கிளவர்டேலில் 101-ஆம் நெடுஞ்சாலையை விட்டு 128-ஆம் சாலையில் திரும்பினால் பூன்வில், ஃபைலோ வழியாக ஆண்டர்சன் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் ஆப்பிள் தோட்டங்களும் ஆட்டு மந்தைகளுமாக இருந்த நிலம் இப்போது பெரும்பாலும் திராட்சை. அப்புறம் சாலை ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்களின் காட்டுக்குள் நுழைந்துவிடும். பட்டப்பகலிலும் ஹெட்லைட் போட வேண்டிய அளவுக்கு நிழல். காடு முடியும் இடத்தில் நவாரோ ஆறு கடலில் கலக்கிறது. பின்சீட்டுக் குழந்தைகளுக்கு அந்த வளைவுகள் ஒத்துக்கொள்ளாது, எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள்.

இந்தக் கரையில் வெள்ளையர் ஊர்கள் முளைத்த கதை ஒரு கப்பல் விபத்தில் தொடங்குகிறது. அதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஃபிராலிக் என்ற அந்தக் கப்பல் பால்டிமோரில் கட்டப்பட்டது, பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிப் போவதற்காகவே. நீராவிக் கப்பல்கள் வந்து அந்தத் தொழிலில் அதற்கு வேலை இல்லாமல் போனதும், தங்க வேட்டையில் திளைத்துக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோவில் விற்கச் சீனச் சரக்கை ஏற்றி அனுப்பினார்கள். 1850 ஜூலையில் பாயிண்ட் கப்ரியோவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி உடைந்தது. மிச்சம் மீதியை மீட்க மறுவருடம் வந்த ஆட்களுக்குச் சரக்கு பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ரெட்வுட் மரங்களைப் பார்த்துவிட்டார்கள். 1852-ல் மெண்டசினோவில் மர மில் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் இங்கே ஆளே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பூர்வகுடிகளான போமோ மக்களும் கரையோர யூக்கி மக்களும் வாழ்ந்த நிலம் இது. ஃபோர்ட் பிராக் என்பதே 1857-ல் அந்த மக்களை அடைத்து வைத்த ரிசர்வேஷனைக் காவல் காக்கப் போட்ட ராணுவ முகாம். பிற்பாடு அடிமை முறையைக் காக்கும் பக்கம் நின்று போரிட்ட தளபதி பிராக்கின் பெயர் இன்னும் ஊருக்கு ஒட்டியிருக்கிறது. மாற்ற வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

மரம் வெட்டிய காலத்தில் துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்கள் மட்டும்தான். மேலிருந்து சரிவுத் தொட்டியிலும் கம்பி வடத்திலும் பலகைகளை இறக்க, கீழே அலையில் ஆடிக்கொண்டே பாய்மரக் கப்பல்கள் ஏற்றிக்கொள்ளும். ஆல்பியன், லிட்டில் ரிவர், காஸ்பர், வெஸ்ட்போர்ட் என்று இன்றைக்குப் பெயர்ப்பலகையும் சில வீடுகளுமாக இருக்கும் ஊர்களெல்லாம் அப்போது மில்லும் கப்பலுமாக இருந்தவை. 1906 பூகம்பத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டிய பலகைகளில் நிறைய இங்கிருந்து போனவை.

யூனியன் லம்பர் கம்பெனிதான் ஃபோர்ட் பிராக்கை ஊராக்கியது. மலையிலிருந்து மரம் இறக்க 1885-ல் ஒரு ரயில் பாதையைத் தொடங்கி, 1911-ல் வில்லிட்ஸ் வரை நாற்பது மைல் கொண்டுபோனார்கள். கம்பெனி பிறகு கைமாறி, 1973-ல் ஜார்ஜியா-பசிபிக் வசம் வந்தது. பெரிய மரங்கள் தீர்ந்து போயின. வளர்ந்த இரண்டாம் தலைமுறை மரம் சிறுத்திருந்தது. இயந்திரங்கள் வந்து ஆள் குறைந்தது. சுற்றுச்சூழல் சட்டங்களும் இறுகின. ஊரில் பலர் கடைசிக் காரணத்தை மட்டும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் காரணமே போதும்: ஆயிரம் வருடம் வளர்ந்த மரத்தை நூறு வருடத்தில் வெட்டித் தீர்த்தால் மில் எதை அறுக்கும்?

மெண்டசினோ கிராமத்தின் மில் இன்னும் முன்னாலேயே, 1930களின் கடைசியில் நின்றுவிட்டது. இருபது வருடம் அந்த ஊரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இடிக்கக்கூடப் பணம் இல்லாததால் மரவீடுகள் அப்படியே நின்றன. 1959-ல் மெண்டசினோ கலை மையம் தொடங்கியபோது ஓவியர்கள் மலிவான வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்த பாறைமேட்டை வீட்டுமனையாக விடாமல், ஊர்க்காரர்கள் போராடி 1970களில் மாநிலப் பூங்காவாக ஆக்கினார்கள். அமெரிக்காவின் வடகிழக்கே மெயின் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய வீடுகள் என்பதால், மெயினில் நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு துப்பறியும் டிவி தொடரையே இங்கே வந்து படம் பிடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் காலை உணவோடு அறை கொடுக்கும் விடுதிகளாயின.

ஃபோர்ட் பிராக்குக்கு அந்த அழகு இல்லை. அது வேலைக்காரர்களின் ஊர். அதன் பெரிய சுற்றுலா இடமான கண்ணாடிக் கடற்கரைகூட ஊர்க் குப்பை கொட்டிய இடம்தான். 1906 முதல் 1967 வரை பாட்டில், தட்டுமுட்டுச் சாமான், பழைய கார் எல்லாவற்றையும் கடலோரப் பாறையில் தள்ளி எரித்தார்கள். மக்காமல் மிஞ்சியது பெரும்பாலும் கண்ணாடி. அலை அதை உருட்டி உருட்டிப் பச்சையும் பழுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் ஆக்கிவிட்டது. இப்போது வருபவர்கள் பையில் அள்ளிக்கொண்டு போவதால் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. மாநிலப் பூங்காப் பகுதியில் எடுப்பது சட்டப்படி தவறு என்று பலகையே இருக்கிறது. நம்மவர்களும் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து எடுக்காதீர்கள்.

மரம் போன பிறகு இந்த ஊர்களைத் தாங்கிய இன்னொரு தொழில் அபலோனி. கையகல ஓட்டுக்குள் இருக்கும் ஒருவகைப் பெரிய கடல் நத்தை. இங்கே அதை வணிகத்துக்குப் பிடிக்க அனுமதி இருக்கவில்லை, பொழுதுபோக்காக மட்டும்தான். அதுவும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கி முங்கி, ஏழு அங்குலத்துக்குக் குறையாததை மட்டும் எடுக்கலாம் என்று விதி இருந்தது. ஏழு அங்குலம் வளரவே ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் ஆகும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நடுவில் ஜூலை தவிர, முக்குளிப்பவர்கள் பே ஏரியாவிலிருந்தும் சாக்ரமெண்டோவிலிருந்தும் கும்பல் கும்பலாக வருவார்கள். சொகுசு விடுதிக்குப் போகாத, சாதாரண மோட்டலிலும் கூடாரத்திலும் தங்கி, பெட்ரோல் பங்க்கிலும் ஹோட்டலிலும் செலவு செய்யும் கூட்டம் அது. ஃபோர்ட் பிராக் போன்ற ஊருக்கு மிகவும் பொருத்தமான சுற்றுலா.

2013-ல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்தது. கை கை கழன்று கரைந்து செத்தன. ஊதா அர்ச்சின் என்ற முள்ளுருண்டை உயிரியைத் தின்று அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தவை அவைதான். அடுத்த வருடமே கடல் சூடேறி 2016 வரை ஆறவில்லை. கெல்ப் என்ற நெடும்பாசிக் காடு குளிர்ந்த நீரில்தான் வளரும். ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் கேட்பாரில்லாமல் பெருகிய அர்ச்சின்கள் அடியோடு கத்தரித்தன. வடகலிபோர்னியாக் கரையில் சில வருடங்களுக்குள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கெல்ப் காடு அழிந்தது. அதையே தின்று வாழும் அபலோனி பட்டினியில் ஓடு சுருங்காமல் உடல் மட்டும் சுருங்கிச் செத்தது. 2018-லிருந்து அபலோனி எடுக்கத் தடை, இன்னும் திறக்கவில்லை. ஃபோர்ட் பிராக்கின் மீன்பிடித் துறையான நோயோவிலிருந்து போய்ச் சிவப்பு அர்ச்சினை எடுத்து அதன் முட்டைப்பையை விற்றுவந்த முக்குளிப்பாளர்களின் பிழைப்பும் கூடவே போயிற்று. உணவில்லாத அர்ச்சினுக்குள் விற்க ஒன்றும் இருக்காது. ஆனால் சாகாது, வெறும் வயிற்றோடு வருடக்கணக்கில் அடித்தரையில் கிடக்கும். அதனால் காடு தானாகத் திரும்பி வருவதும் இல்லை. அந்த முக்குளிப்பாளர்களில் சிலருக்கே கூலி கொடுத்து, ஊதா அர்ச்சினை அள்ளி வெளியே போடும் வேலை சில குடாக்களில் நடந்தது. இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. கடலை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அதைச் செப்பனிடும் சம்பளமும் போகிறது.

சால்மன் கதையும் துயரம்தான். மழை பொய்த்து, அணைகளாலும் பாசனத்துக்கு எடுத்ததாலும் ஆறுகள் மெலிந்து சூடேறியதில், முட்டையிட ஆற்றுக்கு ஏறும் மீன் குறைந்துபோனது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் கலிபோர்னியாவில் வணிக சால்மன் மீன்பிடிப்பு முழுவதும் மூடப்பட்டது. மிஞ்சியது டஞ்சனஸ் நண்டு. அதன் சீசனும் வழக்கமான டிசம்பரில் தொடங்காமல் பல வருடம் தள்ளிப்போகிறது, நண்டுக் கூண்டுக் கயிற்றில் திமிங்கிலம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக. திமிங்கிலம் பார்க்க வருபவர்களால் ஒரு தொழில், அதைக் காப்பதற்காக இன்னொரு தொழிலுக்குக் காத்திருப்பு. துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "திமிங்கிலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, படகுக் கடன் காத்திருக்காது, அவ்வளவுதான்" என்றார்.

உட்புற மலைகளில் கஞ்சா. மெண்டசினோ, ஹம்போல்ட், டிரினிட்டி மூன்று கவுண்டிகளும் சேர்ந்து எமரால்டு முக்கோணம் என்று பெயர் பெற்றவை. 1996-ல் மருத்துவத்துக்கு என்று சட்டம் விட்டுக்கொடுத்தது, 2016-ல் வயது வந்த எல்லாருக்கும் என்று வாக்களித்தார்கள், 2018-ல் கடை விற்பனை தொடங்கியது. சட்டத்துக்கு வெளியே இருந்த காலத்தில் அந்தப் பணம் வில்லிட்ஸ், லேட்டன்வில் கடைகளில் ரொக்கமாகப் புழங்கி, மில் மூடிய ஓட்டையை மறைத்தது. சட்டபூர்வமானதும் பெரிய பண்ணைகள் வந்து விலை சரிந்தது. உரிமம், வரி, தண்ணீர் விதிகளுக்குச் சின்ன விவசாயியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தத் தொழிலைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அதில் இருந்தவர்களின் வீழ்ச்சி அந்த ஊர்க் கடைவீதிகளில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆக மிச்சம் சுற்றுலா. அதன் கணக்கு இரண்டு பக்கமும் நீளம். நாம் அறைக்குக் கொடுக்கும் வாடகையோடு பத்து சதவீதமும் அதற்கு மேலும் தங்கும் வரி சேர்கிறது. ஃபோர்ட் பிராக்கில் அது நகராட்சிக்குப் போகிறது. சாலை, போலீஸ், பூங்கா எல்லாவற்றுக்கும் அது உயிர். மெண்டசினோ கிராமத்துக்கு நகராட்சி இல்லாததால், அங்கே வசூலாவது மலைக்கு அந்தப் பக்கம் யுகையாவில் இருக்கும் கவுண்டிக்குப் போய்விடுகிறது. எங்கள் பணம் மலையேறிப் போகிறது, திரும்பி வருவதில்லை என்று கரையில் இருப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தண்ணீரைப் பாருங்கள். மெண்டசினோ கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு வீடு கிணறு. அங்கே போனால் கண்ணில் படும் மரத் தண்ணீர்க் கோபுரங்கள் அதனால்தான். 2021 கோடையில் கிணறுகள் வறண்டன. வழக்கமாகத் தண்ணீர் விற்கும் ஃபோர்ட் பிராக், தனக்கே நோயோ ஆற்றில் நீர் குறைந்து, கடல் ஏற்றத்தில் உப்பு உள்ளே ஏறியதால் வெளியே விற்பதை நிறுத்தியது. கடைசியில் யுகையாவிலிருந்து மலை வழியே தண்ணி லாரி வந்தது. ஹோட்டல்கள் கழிவறையைப் பூட்டி வெளியே தற்காலிகக் கழிப்பறை வைத்தன. உப்பு நீக்கும் சிறு இயந்திரம் ஒன்றை ஃபோர்ட் பிராக் அவசரமாக வாங்கியது. அந்தக் கோடையிலும் விருந்தாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு விடுதி அறையின் படுக்கைத் துணியைத் துவைக்கும் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்பதை வருபவர்கள் யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீடு. ஓய்வு பெற்ற பணக்காரர்கள் வாங்கி வருடத்தில் சில வாரம் வந்து போகும் வீடுகள் ஒரு பக்கம். ஏர்பிஎன்பிக்கு விட்ட வீடுகள் இன்னொரு பக்கம். வார இறுதி இரண்டு இரவில் கிடைக்கும் பணத்துக்காக, மாத வாடகைக்கு விட ஆளில்லை. நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்த பெண், மெக்சிகோவின் யூகடானிலிருந்து வந்த குடும்பம், இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் இருப்பதாகச் சொன்னார். வேலைக்கு ஆள் தேவை என்று கடைக்குக் கடை அட்டை தொங்குகிறது. வேலைக்கு வரத் தயாராக ஆள் உண்டு, தங்க இடம்தான் இல்லை. ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர் எல்லாருக்கும் இதே கதை. கரையோர மருத்துவமனையில் 2020-ல் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணி வளைந்து வளைந்து மலை தாண்டி உட்புற ஊருக்குப் போக வேண்டும். குழந்தை பிறக்க வசதியில்லாத ஊரில் இளம் குடும்பம் எப்படி நிலைக்கும்?

மில் வேலை போன்றதல்ல விடுதி வேலை. மில் சம்பளத்தில் ஒருவர் வீடு வாங்கினார். விடுதிச் சம்பளத்தில் இருவர் உழைத்தும் வாடகை கட்டத் திணறுகிறார்கள். அதிலும் ஜனவரி, பிப்ரவரி மழையில் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிடுவார்கள். சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் இந்த ஊர்களில் பாதி விளக்கு எரியாது. ஆனால் அந்தப் பணத்தில் முதல் பங்கு, வருடம் முழுவதும் குடியிருப்பவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும்.

அதற்கு ஃபோர்ட் பிராக்கில் இடம் இருக்கிறது. அதே மில் நிலம்தான். கடலோர விளிம்பு பூங்காவாகிவிட்டது, உள்ளே பெரும்பகுதி இன்னும் காலி. மில் குளத்தின் சேற்றில் டயாக்சின் என்ற நச்சு இருப்பதால் சுத்தம் செய்யும் வேலையும் பாக்கி. நிலத்தின் பெரும்பகுதி இப்போது ரயில் கம்பெனி கையில். மரம் இறக்கிய அந்தப் பழைய ரயில்தான் இன்றைய ஸ்கங்க் டிரெயின், 1925-ல் வந்த பெட்ரோல் பெட்டிகளின் நாற்றத்தால் வந்த பெயர். 2013-லும் 2015-லும் ஒரு சுரங்கம் சரிந்ததால் வில்லிட்ஸ் வரை போக முடியாது. ஃபோர்ட் பிராக்கிலிருந்து சில மைல் ரெட்வுட் காட்டுக்குள் போய்த் திரும்புகிறது. தண்டவாளத்தில் மிதித்து ஓட்டும் சைக்கிள் வண்டியும் உண்டு, குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். 2021-ல் அந்தக் கம்பெனி, ரயில்வே என்ற முறையில் தனக்கு இருப்பதாகச் சொன்ன நில எடுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி நிலத்தை வாங்கிக்கொண்டது. அதே நிலத்தின் மேல் கண் வைத்திருந்த நகராட்சி நீதிமன்றம் போனது. எதைக் கட்டலாம், யாருடைய அனுமதி வேண்டும் என்பதுதான் வழக்கின் சாரம். கடற்கரையில் எதைக் கட்டினாலும் 1976-ல் வந்த கரையோரச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் பொது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இந்தக் கரை முழுவதும் தனியார் வேலிக்குள் போயிருக்கும். ரயில் கம்பெனியானாலும் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே இன்னொரு பெரிய ஹோட்டல் வருவதைவிட, நோயோ துறைப் படகுகளுக்கு ஐஸும் பழுதுபார்க்கும் இடமும், கெல்ப் ஆராய்ச்சிக்குக் கூடமும், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு நடக்கும் தூரத்தில் வீடுகளும் வந்தால் ஊர் பிழைக்கும். கடல் அறிவியல் மையம் ஒன்று ஊரில் ஏற்கெனவே இயங்குகிறது. தெற்கே பாயிண்ட் அரீனாவில், 2014-ல் கரைநிலத்தை அரசு பாதுகாக்கும் தேசியக் கரையோர நிலத்தோடு சேர்த்த பிறகு நடக்க வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். 1906 பூகம்பத்தில் சேதமாகி 1908-ல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய 115 அடிக் கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்கலாம். அந்தச் சின்ன ஊருக்கு அந்தக் கூட்டம் போதும்.

போவதாக இருந்தால் லாங் வீக்கெண்டைத் தவிருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், வார நாளில் போங்கள். சாம்பல் திமிங்கிலங்கள் கரையையொட்டிப் போகும் காலம் அது. அறை வாடகை குறைவு, ஊருக்கும் அப்போதுதான் விருந்தாளி தேவை. வாடகைக்கு விட்ட வீட்டைவிட, ஆள் வேலை பார்க்கும் மோட்டலிலோ விடுதியிலோ தங்குங்கள். நண்டு சீசன் திறந்திருந்தால் நோயோ துறையில் படகிலிருந்தே வாங்கலாம், அப்போது பணம் பிடித்தவர் கைக்கே போகும். மிளகும் சீரகமும் இடித்து ஒரு டப்பாவில் எடுத்துப் போனால், சமையலறை உள்ள அறையில் நண்டு ரசம் வைத்துக்கொள்ளலாம். அறையைச் சுத்தம் செய்பவருக்கு மேஜைமேல் டிப்ஸ் வைக்க மறக்காதீர்கள், ரொக்கமாக.